மச்சான் அனுப்பின பழைய வீடியோ

கேள்வி:

வணக்கம் சார். எனக்கு 36 வயசு. ஓட்டு போட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரே தலைவருக்குத்தான் போட்டுட்டு வர்றேன். கட்சி கார்டெல்லாம் கிடையாது, ஆனா அவரை யாராவது ஒரு வார்த்தை சொன்னா எனக்குப் பொறுக்காது. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பெரிய திட்டத்தை அவர் கடுமையா எதிர்த்தார் (எந்தத் திட்டம்னு வேணாம் சார், ஆள் யாருன்னு தெரிஞ்சிடும்). அதுக்கு முன்னாடி அந்தத் திட்டத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, அவர் பேசினதைக் கேட்டுதான் நானும் எதிர்க்க ஆரம்பிச்சேன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல என் மச்சான் அதை ஆதரிச்சு எழுத, வார்த்தை தடிச்சு, ரெண்டு வருஷமா ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்ல. போன மாசம் தலைவர் மேடை ஏறி அதே திட்டம் காலத்தின் கட்டாயம்னு பேசிட்டார். அன்னிக்கு ராத்திரியே மச்சான் பழைய வீடியோவையும் புது வீடியோவையும் ஒட்டி குரூப்ல போட்டுட்டு, கீழ ஒரே ஒரு சிரிப்பு பொம்மை.

இவங்களுக்கெல்லாம் கொள்கைன்னு ஒண்ணு கிடையாதா சார்? இல்ல, ஜனங்க மனசு மாறினா தலைவரும் மாறுறதுதான் ஜனநாயகமா? மனசார மாறினாரா ஓட்டுக்காக மாறினாரான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? அப்புறம், இப்ப நான் அந்தத் திட்டத்தை ஆதரிக்கணுமா எதிர்க்கணுமா, மச்சானுக்கு என்ன பதில் போடறது?

பதில்:

தம்பி, எனக்கு அறுபது தாண்டியாச்சு, அதனால தம்பின்னே கூப்பிடுறேன். உங்க லெட்டரை முதல் தடவை படிச்சப்ப சிரிச்சிட்டேன், மன்னிச்சுக்கங்க, அந்த சிரிப்பு பொம்மை என் கண்ணு முன்னாடி வந்து நின்னுடுச்சு. ரெண்டாவது தடவை படிக்கிறப்ப ஒரு வரியில கண்ணு நின்னுது. உங்க மற்ற கேள்விங்களை விட எனக்கு அந்த வரிதான் பெருசாத் தெரியுது, ஆனா அதைக் கடைசியில சொல்றேன், முதல்லயே சொன்னா கோவிச்சுக்கிட்டு மேல படிக்க மாட்டீங்க.

28 வருஷமா நான் கருத்துக்கணிப்பு வேலை பார்த்தவன். டிவியில வருதே எக்சிட் போல், அது இல்ல. கட்சிக்காரங்களும் வேட்பாளருங்களும் காசு கொடுத்து தங்களுக்குன்னு எடுத்துக்கிற சர்வே, வெளியில வராது, ரிப்போர்ட்ல பக்கத்துக்குப் பக்கம் பேரு அச்சடிச்சுக் கொடுப்போம், லீக் ஆனா யாரோட காப்பின்னு தெரியறதுக்கு. அதனால தலைவருங்க "மக்கள் என்ன நினைக்கிறாங்க"ங்கிற கேள்வியை மூடின ரூமுக்குள்ள எப்படிக் கேப்பாங்கன்னு கொஞ்சம் தெரியும்.

ஒரு ரிப்போர்ட் கொடுக்கப் போனது நல்லா ஞாபகம் இருக்கு. ஆள் பேரு வேணாம். ஒரு திட்டத்துக்கு அவரோட ஏரியாவுல நூத்துக்கு அறுபத்தி சொச்சம் பேர் ஆதரவு, அவர் அதை எதிர்த்துப் பேசிட்டு இருந்தவர். நான் பெரிய கலர் சார்ட்டெல்லாம் போட்டு முதல் பக்கத்துலயே அந்த அறுபதைக் காட்டினேன். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கல. நேரா பின்பக்கம் போய், சின்ன எழுத்துல இருந்த ஒரு டேபிளை விரலால தட்டி, "இதுக்காகவே என்னை விட்டுட்டுப் போறவங்க எத்தனை பேரு?"ன்னு கேட்டார். பார்த்தா ஆதரவு தெரிவிச்ச அறுபதுல முக்கால்வாசிப் பேருக்கு அது வெறும் அபிப்பிராயம், கேட்டதால சொன்னது. எதிர்த்தவங்க கம்மி, ஆனா அவங்கள்ல பாதிப் பேரு இந்த ஒரு விஷயத்துக்காகவே ஓட்டை மாத்துவேன்னு சொல்லியிருந்தாங்க. அவர் டேபிளை மூடி வெச்சுட்டு டீ சொல்லச் சொன்னார். நிலைப்பாட்டை மாத்தவே இல்ல. வெளியில இருந்து பார்க்கிறவங்க "பாருய்யா, மக்கள் கருத்துக்கு வளைஞ்சு கொடுக்காத மனுஷன்"னு மெச்சியிருப்பாங்க. உள்ள நடந்தது கணக்கு.

ஏன் இதைச் சொல்றேன்னா, காத்து அடிக்கிற பக்கம் சாயுறாங்கன்னு நாம பேசுறோமே, அவங்க பார்க்கிறது பொதுவான காத்தை இல்ல. யாரு கோவத்துல எந்திரிச்சு பூத்துக்கு வருவாங்கன்னு பார்க்கிறாங்க. நூறு பேரு லேசா தலையாட்டுறதை விட பத்து பேரு பல்லைக் கடிக்கிறது பெருசு. உங்க தலைவர் போன மாசம் திரும்பினார்னா, ஊரே திரும்பிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, அவருக்கு வேண்டிய ஏதோ ஒரு கூட்டம் திரும்பியிருக்கும், இல்ல அவரை அதுவரைக்கும் பிடிச்சு வெச்சிருந்த ஒரு கூட்டம் தளர்ந்திருக்கும்.

இன்னொண்ணு, இது நிறைய பேருக்குத் தெரியாது. சர்வே எடுத்து கொள்கையை மாத்துறதை விட, சர்வே எடுத்து வார்த்தையை மாத்துறதுதான் அதிகம். அமெரிக்காவுல லாரன்ஸ் ஜேக்கப்ஸ், ராபர்ட் ஷப்பிரோன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க கிளிண்டன் காலத்து அரசியலை நோண்டிப் பார்த்துட்டு 2000ல கிட்டத்தட்ட இதைத்தான் எழுதினாங்க: தான் செய்ய நினைச்சதை விடாம வெச்சுக்கிட்டு, அதை எந்த வார்த்தையில சொன்னா ஜனங்க ஏத்துக்குவாங்கன்னு கண்டுபிடிக்கத்தான் கருத்துக்கணிப்பை அதிகமா பயன்படுத்துறாங்க. என் அனுபவமும் அதேதான். எங்களுக்கு வந்த ஆர்டர்ல பாதி "நாங்க இதைச் செய்யலாமா"ன்னு இருக்காது, "இதை எப்படிச் சொல்லலாம்"னு இருக்கும். வரின்னு சொல்லாம பங்களிப்புன்னு சொன்னா எத்தனை பேரு கூட வர்றாங்க, குறைப்புன்னு சொல்லாம சீரமைப்புன்னு சொன்னா என்ன ஆகுதுன்னு, ஒரே விஷயத்தை நாலு வார்த்தையில நாலு குரூப்புக்குச் சொல்லிப் பார்ப்போம்.

அதனால பழைய வீடியோவையும் புது வீடியோவையும் மறுபடி ஒரு தடவை கேளுங்க, ஆனா இந்தத் தடவை மச்சான் மேல இருக்கிற கோவத்தை விட்டுட்டு கேளுங்க. திட்டத்தையே ஆதரிக்கிறாரா, இல்ல "மக்களைப் பாதிக்காத வகையில்", "உரிய இழப்பீட்டோட"ன்னு வாலு ஏதாவது ஒட்டியிருக்கான்னு பாருங்க. அந்த வாலுதான் நாளைக்கு மறுபடி திரும்புறதுக்கு விட்டு வெச்ச கதவு. பல சமயம் தலைகீழா மாறின மாதிரி தெரியுறது வெறும் வார்த்தை மாத்தமாத்தான் இருக்கும், சில சமயம் தலைகீழா மாறிட்டு ஒண்ணுமே மாறலன்னு சாதிப்பாங்க. 2017ல பிரிட்டன் பிரதமர் தெரசா மே பண்ணது ரெண்டாவது வகை. மே 18ஆம் தேதி தேர்தல் அறிக்கையில வயசானவங்க பராமரிப்புச் செலவுக்கு அவங்க வீட்டு மதிப்பையும் கணக்குல எடுப்போம்னு போட்டாங்க, ஜனங்க கொதிச்சாங்க, நாலே நாள்ல செலவுக்கு உச்சவரம்பு வைக்கிறோம்னு இறங்கி வந்துட்டு, பத்திரிகைக்காரங்க கேக்கக் கேக்க "எதுவும் மாறல, எதுவும் மாறல"ன்னே சொன்னாங்க. மாறினதை விட, மாறலன்னு சொன்னதுதான் அவங்களுக்கு நாறிப்போச்சு. ஜூன் 8 தேர்தல்ல பெரும்பான்மை போச்சு, அதுக்கு வேற காரணமும் உண்டு, ஆனா அந்த வாரத்தைப் பிரிட்டன்ல யாரும் மறக்கல.

சரி, ஜனங்க மனசு மாறினா தலைவர் மாறுறது ஜனநாயகமான்னு கேட்டீங்க. இது 250 வருஷத்துப் பழைய சண்டை. 1774ல எட்மண்ட் பர்க்னு ஒரு அரசியல்வாதி இங்கிலாந்துல பிரிஸ்டல்ங்கிற ஊர்ல ஜெயிச்ச கையோட வாக்காளருங்க முன்னாடி நின்னு, உங்களுக்கு நான் கொடுக்க வேண்டியது உழைப்பு மட்டும் இல்ல என் சொந்த யோசனையும்தான், உங்க கருத்துக்காக என் யோசனையை பலி கொடுத்தா அது உங்களுக்குப் பண்ற துரோகம்ங்கிற அர்த்தத்துல பேசினார். இன்னிக்கு வரைக்கும் எல்லா பாடப்புத்தகத்துலயும் இருக்கிற பேச்சு. ஆனா பாடப்புத்தகம் பாதிக் கதையோட விட்டுடும். அவர் சொன்ன மாதிரியே நடந்தார், அயர்லாந்து வியாபாரத்துக்கு ஆதரவா பேசினார், கத்தோலிக்கருங்க மேல இருந்த தடையைத் தளர்த்தறதுக்கு ஆதரவா நின்னார், பிரிஸ்டல் வியாபாரிங்களுக்கு ரெண்டுமே கசந்துது, 1780ல ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சு போட்டியிலேர்ந்தே விலகிட்டார். அப்புறம் வேற ஊர்ல, ஒரு பெரிய மனுஷனோட கையில இருந்த தொகுதி மூலமா பார்லிமெண்டுக்குள்ள வந்தார். அதாவது மக்களைக் கேக்காம யோசிக்கிற உரிமை அவருக்கு இருந்துச்சு, மக்களைக் கேக்க வேண்டிய அவசியமே இல்லாத தொகுதியில.

எதிர்ப்பக்கமும் உண்டு. பிரான்ஸ்ல 1981 தேர்தலுக்கு முன்னாடி ஜனாதிபதிக்கு நின்ன மித்தரான் டிவியில உக்காந்து, பெரும்பான்மை ஜனங்க மரண தண்டனை வேணும்னு நினைக்கிறாங்கன்னு தெரியும், இருந்தாலும் என் மனசாட்சிப்படி நான் எதிர்க்கிறேன்னு சொல்லிட்டார். சொன்னது ஓட்டுப்பதிவுக்கு ரெண்டு மாசம்கூட இல்லாத நேரத்துல. மே மாசம் ஜெயிச்சார், அக்டோபர்ல தண்டனையை ஒழிச்சார். ஜனங்க அந்த ஒரு விஷயத்துல அவரோட ஒத்துப்போகாமலேயே ஓட்டு போட்டாங்க. நான் சர்வே எடுத்தவன், சொல்றேன், ஜனங்க இதைச் செய்வாங்க, நிறையவே செய்வாங்க. "எனக்கு இதுல அவரோட உடன்பாடு இல்ல, ஆனா மனுஷன் மறைக்காம சொல்றார்"ங்கிற பதிலை ஃபீல்டுல அவ்வளவு தடவை கேட்டிருக்கேன். தலைவருங்கதான் இதை நம்ப மாட்டாங்க, பயம்.

ஆனா வளைஞ்சு கொடுத்தது சரியா வந்த கதையும் இருக்கே. எம்.ஜி.ஆர். 1979ல பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டுக்கு வருஷ வருமானம் 9,000 ரூபாய்னு வரம்பு வெச்சார். அடுத்து வந்த 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தல்ல அவர் கட்சிக்கு 39ல ரெண்டே சீட்டு. சில வாரத்துக்குள்ள வரம்பை எடுத்தார், எடுத்ததோட நிக்காம 31 சதவீதமா இருந்த ஒதுக்கீட்டை 50 ஆக்கினார். மத்திய அரசு அவர் ஆட்சியைக் கலைச்சுது, அதே வருஷம் சட்டமன்றத் தேர்தல் வந்துது, ஜெயிச்சார். இதை பல்டின்னு சொல்லலாமா? சொல்லலாம். ஆனா தோத்த அடி எதுக்கு விழுந்துதுன்னு அவர் ஒரு கணக்குப் போட்டார், அது சரியோ தப்போ, போட்ட கணக்குக்கு ஏத்த மாதிரி ஆர்டர்ல கையெழுத்துப் போட்டார். பேச்சுல வளையாம காகிதத்துல வளைஞ்சார். ஓட்டுப் போட்டவனுக்கு இதை விட என்ன மரியாதை வேணும்னு ஒரு கேள்வி இருக்கு. வரம்பு இருந்திருக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு இது பிடிக்காது, அது வேற விவாதம். நான் சொல்ல வர்றது, ஓட்டுக்காக மாறினதுங்கிறதாலயே ஒரு மாத்தம் தப்பாயிடாது. ஓட்டு எதுக்கு இருக்குன்னு நினைக்கிறீங்க? அவங்களை மாத்தத்தான்.

இப்ப மனசாரவா ஓட்டுக்காகவாங்கிற கேள்வி. தம்பி, இதுக்கு உண்மையான பதில், தெரிஞ்சுக்க முடியாது. பல நேரம் அவங்களுக்கே தெரியாது. 2011 மார்ச்ல ஜப்பான்ல ஃபுகுஷிமா அணு உலை வெடிச்சப்ப, ஜெர்மனியை அப்ப ஆண்டுட்டு இருந்த மெர்கல், அதுக்கு முந்தின வருஷக் கடைசியிலதான் அணு உலைங்களோட ஆயுளை நீட்டிச்சுக் கொடுத்தவங்க, மூணே நாள்ல அதை நிறுத்தி வெச்சாங்க, கொஞ்ச மாசத்துல மொத்தமா மூடுறதுக்கு சட்டமே கொண்டு வந்துட்டாங்க. அவங்க படிச்சது இயற்பியல், ஜப்பான் மாதிரி ஒரு நாட்டுலயே இது நடக்கும்னா என் கணக்கு தப்புன்னு நினைச்சிருக்கலாம். அதே மார்ச் 27ல பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலத்துல தேர்தல் இருந்துது, அங்க அவங்க கட்சி 58 வருஷமா ஆட்சியில இருந்துது, அணு உலைக்கு எதிரான பசுமைக் கட்சி மூச்சு வாங்க விடாம துரத்திட்டு இருந்துது. இதுல எது காரணம்? ரெண்டும்னுதான் நான் நினைக்கிறேன், ஒரே மண்டைக்குள்ள ரெண்டும் ஒண்ணா ஓடும். சொல்லப்போனா மாறியும் பிரயோஜனம் இல்ல, அந்த மாநிலத்தைத் தோத்தாங்க, பசுமைக் கட்சிக்காரர் முதலமைச்சர் ஆனார்.

ஒபாமா கதை இன்னும் விசித்திரம். 1996ல மாநில செனட்டுக்கு நின்னப்ப ஒரே பாலினத் திருமணத்தை ஆதரிக்கிறேன்னு ஒரு கேள்வித்தாள்ல எழுதிக் கொடுத்தவர், 2008ல ஜனாதிபதிக்கு நின்னப்ப கல்யாணம்னா ஆணும் பெண்ணும்தான்னு சொன்னார், 2012 மே மாசம் மறுபடி ஆதரவுன்னு சொன்னார். காலப்ங்கிற நிறுவனத்தோட கருத்துக்கணிப்புல 1996ல ஆதரவு 27 சதவீதம், 2011ல முதல் தடவையா பாதியைத் தாண்டி 53. தேதியை மட்டும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா காத்தாடி மாதிரி இருக்கு. ஆனா அவருக்கு ஆலோசகரா இருந்த டேவிட் ஆக்சல்ராட் 2015ல என்ன எழுதினார்னா, மனுஷன் மனசுக்குள்ள ஆரம்பத்துலேர்ந்தே ஆதரவுதான், நடுவுல அரசியலுக்காக மறைச்சார்னு. அப்படிப் பார்த்தா 2012ல மாறினது பொய் இல்ல, 2008ல மாறாம இருந்த மாதிரி நின்னதுதான் பொய். நாம எப்பவும் மாறுற நாளைத்தான் சந்தேகப்படுறோம், மாறாம நின்ன வருஷங்களை யாரும் சந்தேகப்படுறதில்ல. உங்க தலைவரோட விஷயத்துலயும் இதை யோசிச்சுப் பாருங்க, நாலு வருஷத்துக்கு முன்னாடி அவர் எதிர்த்தாரே, அப்ப யாரோட கைத்தட்டலுக்காக எதிர்த்தார்?

மனசைப் பார்க்க முடியாதுன்னா எதைப் பார்க்கிறது? நான் பார்க்கிறது ஒண்ணுதான், மாறினதுக்கு அந்த ஆள் என்ன விலை கொடுத்தார். ராபர்ட் பீல்னு ஒருத்தர் இருந்தார், பிரிட்டன்ல, ரெண்டு தடவை தலைகீழா மாறினவர். கத்தோலிக்கருங்களுக்கு பார்லிமெண்ட்ல இடம் கொடுக்கக் கூடாதுன்னு பல வருஷம் நின்னவர், 1829ல கொடுத்துத்தான் ஆகணும்னு முடிவு பண்ணார். பண்ணிட்டு, என்னை அந்தப் பழைய கொள்கைக்காகத்தானே தேர்ந்தெடுத்தீங்கன்னு, தன்னோட ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத் தொகுதியை ராஜினாமா பண்ணிட்டு அதே இடத்துல மறுபடி நின்னார், தோத்தார், வேற தொகுதி தேடிப் போனார். 1846ல மறுபடியும். அவர் கட்சியே நிலக்காரங்களோட கட்சி, வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி இருக்கணும்னு சொல்லித்தான் ஜெயிச்சது, அயர்லாந்துல உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தப்ப அந்த வரியை ஒழிச்சார். சொந்தக் கட்சியில மூணுல ரெண்டு பங்கு பேரு எதிர்த்து ஓட்டுப் போட்டாங்க, எதிர்க்கட்சி ஓட்டை வெச்சு நிறைவேத்தினார், அதே வாரம் பிரதமர் பதவி போச்சு. கட்சி உடைஞ்சு, தனிப் பெரும்பான்மையோட ஆட்சிக்கு வர அதுக்கப்புறம் 28 வருஷம் ஆச்சு. அந்த மனுஷனைப் பார்த்து ஓட்டுக்காக மாறினார்னு யாராவது சொல்ல முடியுமா?

எல்லாரும் பீல் ஆக வேணாம், அவ்வளவு எதிர்பார்த்தா நமக்கு ஓட்டுப் போட ஆளே கிடைக்காது. ஆனா சின்ன விலையாவது இருக்கான்னு பாருங்க. மாறினேன்னு வாயால சொன்னாரா, இல்ல ஆரம்பத்துலேர்ந்தே இதைத்தான் சொல்லிட்டு வர்றேன்னு சொன்னாரா. பழைய வீடியோவைக் காட்டி யாராவது கேட்டப்ப பதில் சொன்னாரா, மைக்கைத் தள்ளினாரா. மேடையில சொன்னது அவையில ஓட்டுப் போடறப்பவும் இருந்துதா (இது ரொம்ப முக்கியம், மேடைப் பேச்சுக்கும் அவையில விழுற ஓட்டுக்கும் நடுவுல ஒரு சமுத்திரமே ஓடும்). அவரை நம்பி எதிர்த்துப் போராடி கேஸ் வாங்கினவங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேசினாரா. இந்தக் கடைசிது என்னோட சொந்த அளவுகோல், புத்தகத்துல இருக்காது. மாறுற தலைவர் பழைய கூட்டத்துக்கிட்ட நேர்ல போய் சொல்லிட்டு மாறினா எனக்கு மரியாதை வரும், ராவோட ராவா அவங்க போன் நம்பரை பிளாக் பண்ணிட்டு மாறினா வராது.

இன்னொரு விஷயமும் சொல்லிடறேன், எங்க தொழிலோட வண்டவாளம். இவங்க துரத்திட்டு ஓடுறாங்களே மக்கள் கருத்து, அதுவே பாதி நேரம் கையில பிடிக்க முடியாத சாமான். 1970கள்ல அமெரிக்காவுல சின்சினாட்டியில ஜார்ஜ் பிஷப்னு ஒரு பேராசிரியரும் அவர் கூட்டாளிங்களும் ஒரு வேலை பண்ணாங்க, இல்லவே இல்லாத ஒரு சட்டத்துக்கு ஒரு பேரு வெச்சு அதை ரத்து பண்ணலாமான்னு ஜனங்ககிட்ட கேட்டாங்க. மூணுல ஒருத்தர் கிட்ட பதில் இருந்துது, வேணும் வேணாம்னு! அதுக்கும் முன்னாடி 1940 வாக்குல டொனால்ட் ரக்னு ஒருத்தர், ஜனநாயகத்துக்கு எதிரா மேடையில பேசுறதை "தடை செய்யணுமா"ன்னு ஒரு கூட்டத்துக்கிட்டயும் "அனுமதிக்கணுமா"ன்னு இன்னொரு கூட்டத்துக்கிட்டயும் கேட்டார். தடை செய்யணும்னு சொன்னவங்க பாதியைக் கொஞ்சம் தாண்டினாங்க, அனுமதிக்கக் கூடாதுன்னு சொன்னவங்க முக்கால்வாசி. ரெண்டும் ஒரே விஷயம் தம்பி. வார்த்தையைத் திருப்பினதுக்கே நூத்துக்கு இருபது பேரு இந்தப் பக்கம் வந்துட்டாங்க. ஆயிரம் பேரு சாம்பிள்னா மூணு சதவீதம் முன்ன பின்ன இருக்கும்னு கீழ சின்னதா போடுவோம், கேள்வி கேட்ட விதத்துல வர்ற தப்புக்கு அப்படி ஒரு வரி போடறதில்ல.

தலைவருங்களோட கணிப்பு எங்களோடதை விட மோசம். டேவிட் புரூக்மன், கிறிஸ்டோபர் ஸ்கோவ்ரன்னு ரெண்டு பேரு அமெரிக்க மாநிலங்கள்ல தேர்தல்ல நின்ன ஆயிரக்கணக்கான பேர்கிட்ட உங்க தொகுதி ஜனங்க இதைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு கேட்டு, ஜனங்க நிஜமா நினைக்கிறதோட ஒப்பிட்டாங்க, 2018ல வந்துது. ரெண்டு கட்சிக்காரங்களும் ஒரே திசையில தப்பு பண்ணியிருந்தாங்க, ஜனங்க இருக்கிறதை விட ரொம்ப பழமைவாதிங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்க ஆபீஸ்ல வந்து சத்தம் போடறது யாரு, லெட்டர் போடறது யாரு, அவங்களை வெச்சுத்தான் ஊரை அளக்கிறாங்கன்னு தோணுது. இன்னொரு பக்கம், அமெரிக்காவோட நியூ மெக்சிகோ மாநிலத்துல 2008ல டேனியல் பட்லர், டேவிட் நிக்கர்சன்னு ரெண்டு பேரு சட்டமன்ற உறுப்பினருங்கள்ல பாதிப் பேருக்கு மட்டும் அவங்கவங்க தொகுதியோட சர்வே முடிவை அனுப்பினாங்க, கிடைச்சவங்க கிடைக்காதவங்களை விட அதிகமா தொகுதி கருத்துப்படி ஓட்டுப் போட்டாங்க. அதனால காத்துக்கு ஏத்த மாதிரி ஆடுறாங்கன்னு திட்டறதுக்கு முன்னாடி, காத்து எந்தப் பக்கம்னே தெரியாம ஆடுறாங்கங்கிறதையும் சேர்த்துக்கங்க.

இப்ப அந்த ஒரு வரி. "அதுக்கு முன்னாடி அந்தத் திட்டத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, அவர் பேசினதைக் கேட்டுதான் நானும் எதிர்க்க ஆரம்பிச்சேன்." நீங்க எழுதினது. கடைசியில "இப்ப நான் ஆதரிக்கணுமா எதிர்க்கணுமா"ன்னும் கேட்டிருக்கீங்க. தலைவர் ஜனங்க பின்னாடி போறார்னு புகார் சொல்லி எழுதின லெட்டர்ல, ஜனம் தலைவர் பின்னாடி போன கதைதான் தம்பி இருக்கு. உங்களை மட்டும் சொல்லல. கேப்ரியல் லென்ஸ்னு பெர்க்லியில ஒரு அரசியல் ஆராய்ச்சியாளர், ஒரே ஆளுங்ககிட்ட வேற வேற சமயத்துல எடுத்த சர்வேங்களைப் பல நாடுகள்ல அலசிட்டு 2012ல எழுதினது இதுதான்: கொள்கையைப் பார்த்து தலைவரைத் தேர்ந்தெடுக்கிறவங்களை விட, தலைவரைப் பிடிச்சுப்போய் அப்புறம் அவரோட கொள்கையை எடுத்துக்கிறவங்க அதிகம். என் வீட்டுலயும் நான் பார்த்திருக்கேன், எனக்கே நடந்திருக்கு, ஒரு பெரிய மனுஷன் திரும்பினதும் ரெண்டே வாரத்துல நான் புதுப் பக்கத்துக்கு வாதம் அடுக்கிட்டு இருந்தேன், எப்ப திரும்பினேன்னே எனக்குத் தெரியல.

உங்களுக்கு இப்ப கஷ்டமா இருக்கிறதுக்குக் காரணம் அவர் மாறினது இல்லன்னு எனக்குத் தோணுது. கடன் வாங்கின கருத்தை சொந்த சொத்து மாதிரி நினைச்சு அதுக்காக சொந்தக்காரனோட சண்டை போட்டாச்சு, இப்ப கடன் கொடுத்தவர் வந்து அதைத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டார், நீங்க வெறுங்கையோட நிக்கிறீங்க. அதனால ஆதரிக்கணுமா எதிர்க்கணுமான்னு என்னைக் கேக்காதீங்க, நானும் இன்னொரு கடன்காரன் ஆயிடுவேன். நாலு வருஷத்துக்கு முன்னாடி எதிர்க்கிறதுக்கு என்ன காரணம் சொன்னீங்களோ அதை ஒரு பேப்பர்ல எழுதுங்க, குரூப்ல மேல போய்த் தேடினா கிடைக்கும். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல, இப்பவும் இது உண்மையான்னு நீங்களே தேடி எழுதுங்க. யாரு சொன்னாங்கங்கிற பேரு அந்தப் பேப்பர்ல எங்கயும் வரக் கூடாது. பேரை எடுத்ததும் சில காரணம் தானா விழுந்துடும், சிலது நிக்கும். நிக்கிறது உங்களோடது, அது எதிர்ப்பா இருந்தா தலைவர் ஆதரிச்சாலும் நீங்க எதிர்க்கலாம், அவருக்கே ஓட்டும் போடலாம், அதுல ஒண்ணும் குத்தமில்ல, பிரான்ஸ்காரங்க பண்ணலையா.

அப்புறம் அவர் ஆபீசுக்கு ஒரு லெட்டர் போடுங்க. திட்டாதீங்க, திட்டி வர்ற லெட்டரை எதிர்க்கட்சி ஆளுன்னு ஒதுக்கிடுவாங்க, நான் பார்த்திருக்கேன். இத்தனை வருஷமா உங்களுக்கு ஓட்டுப் போடுறவன்னு முதல் வரியிலயே எழுதிட்டு, எதிர்த்தப்ப நீங்க சொன்ன காரணம் இது, இதுல எது இப்ப மாறிச்சுன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. கத்துற ஆயிரம் பேரை விட அப்படி விசுவாசமா கேக்கிற பத்து லெட்டர் அவங்களுக்கு வயித்தைக் கலக்கும், அந்தப் பின்பக்கத்து டேபிள்ல நீங்க ஏறிடுவீங்க.

மச்சானுக்கு குரூப்ல நீளமா எதுவும் போடாதீங்க. "ஆமா மச்சான், மாறிட்டார்"னு மட்டும் போடுங்க, இதுவும் சர்வேயில கத்துக்கிட்டதுதான், ஒத்துக்கிட்ட ஆளோட மேற்கொண்டு சண்டை போட முடியாது. அன்னிக்கே சாயங்காலம் போன் பண்ணுங்க. அந்தத் திட்டத்தை அவர் நாலு வருஷமா ஆதரிக்கிறாரே, அதுக்கு அவர் யார்கிட்ட கேட்டு வந்தார்னு மெதுவா கேளுங்க. சண்டைக்குக் கேக்காதீங்க, நிஜமாவே தெரிஞ்சுக்கிறதுக்குக் கேளுங்க, அனேகமா அவர்கிட்டயும் ஒரு பேரு இருக்கும்.